கெல்லி ஜான்சன்: வேலைக்குச் சேர்ந்த கையோடு முதலாளியின் விமானத்தில் குறை சொன்ன இன்ஜினீயர்!

புது ஆபீஸ், புது வேலை. ஐடி கார்டுகூட இன்னும் கைக்கு வரவில்லை. கம்பெனியோ கையில் இருக்கும் பணத்தை எல்லாம் ஒரே ஒரு தயாரிப்பில் கொட்டியிருக்கிறது. அதில் பெரிய குறை ஒன்று உங்கள் கண்ணில் படுகிறது. என்ன செய்வீங்க? நமக்கெதுக்கு வம்பு என்று வாயை மூடிக்கொள்வீர்களா, நேராகப் போய் பாஸிடம் சொல்வீர்களா?

1933-ல் 23 வயது இளைஞர் ஒருவர் போய்ச் சொன்னார். இடம்: அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பர்பேங்க் நகரில் இருந்த லாக்ஹீட் விமானத் தொழிற்சாலை. சம்பளம் மாதம் 83 டாலர். அந்த இளைஞரின் பெயர் கிளாரன்ஸ் லெனார்ட் ஜான்சன். விமான உலகம் அவரை அறிந்தது 'கெல்லி' ஜான்சன் என்ற பெயரில். யு-2 உளவு விமானம், ஒலியைவிட மூன்று மடங்கு வேகத்தில் பறந்த எஸ்ஆர்-71 'பிளாக்பேர்ட்' ஆகியவை அவர் தலைமையில் உருவானவை.

விமானம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? மற்ற தொழிலில் தப்பு நடந்தால் சரக்கு திரும்பி வரும். இங்கே தப்பு நடந்தால் ஆள் திரும்பி வரமாட்டார். அதனால் கெட்ட செய்தி மேலே போய்ச் சேருகிறதா, எவ்வளவு சீக்கிரம் சேருகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் உயிர்நாடி. கெல்லியின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

யார் இந்த கெல்லி?

மிச்சிகன் மாநிலத்தில் இஷ்பெமிங் என்று ஓர் ஊர். இரும்புத் தாது தோண்டும் ஊர். அங்கே 1910 பிப்ரவரி 27 அன்று, ஸ்வீடனிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. அப்பா கொத்தனார். வீட்டில் வறுமைக்குக் குறைவில்லை.

பள்ளியில் ஒரு பையன் இவரை 'கிளாரா' என்று பெண் பெயர் சொல்லிக் கேலி செய்துகொண்டே இருந்தான். ஒருநாள் சண்டை முற்றியதில் அந்தப் பையனின் கால் முறிந்தது. இவ்வளவு முரட்டுப் பையனுக்கு கிளாரன்ஸ் என்ற பெயர் பொருந்தாது என்று நினைத்த சக மாணவர்கள், அப்போது பிரபலமாக இருந்த ஒரு பாட்டிலிருந்து 'கெல்லி' என்ற பெயரை எடுத்துச் சூட்டினார்கள். அதுவே கடைசிவரை நிலைத்துவிட்டது.

விமானம் வடிவமைப்பதுதான் தன் வேலை என்று சிறுவயதிலேயே முடிவெடுத்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு காற்றுச் சுரங்கம் இருந்தது. பெரிய குழாய் போன்ற அமைப்பு அது. விமானத்தின் சிறிய மாதிரியை உள்ளே நிறுத்திவைத்து, அசுர வேகத்தில் காற்றைச் செலுத்துவார்கள். உண்மையான விமானம் வானத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தரையிலேயே கணித்துவிடலாம். மாணவராக இருந்தபோதே கெல்லி அங்கே கைதேர்ந்துவிட்டார்.

அப்போது சோதனைக்காக அங்கே வந்தது, லாக்ஹீட் நிறுவனம் உருவாக்கிவந்த 'எலெக்ட்ரா' என்ற இரட்டை இன்ஜின் பயணிகள் விமானத்தின் மாதிரி. முடிவுகள் பரவாயில்லை என்றது பல்கலைக்கழகத்தின் அறிக்கை. சோதனையில் உடன் இருந்த கெல்லிக்கு அப்படித் தோன்றவில்லை.

முதல் வேலையே குறை சொன்னதுதான்

லாக்ஹீட் அப்போது இன்று நாம் அறிந்த ராட்சத நிறுவனம் இல்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் திவாலாகி, 1932-ல் வெறும் 40,000 டாலருக்குக் கைமாறிய கம்பெனி. இன்ஜினீயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எலெக்ட்ரா விற்றால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மறுபடியும் பூட்டுதான்.

இந்த நிலைமையில் வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன், இன்ஜினீயரிங் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹால் ஹிப்பார்டிடம் போய், இந்த விமானம் நிலையாகப் பறக்காது என்று சொன்னார். பக்கவாட்டில் அலையும், அதிலும் ஓர் இன்ஜின் நின்றுபோனால் விமானியால் சமாளிக்க முடியாது என்பது அவர் கணிப்பு. பேராசிரியரின் அறிக்கையைத் தான் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

கோபித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்ப ஹிப்பார்டுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் செய்தது வேறு. குறை சொன்னவரே போய்ச் சரிசெய்யட்டும் என்று, விமான மாதிரியோடு கெல்லியை மறுபடியும் மிச்சிகனுக்கு அனுப்பிவைத்தார். மாதிரியை காரில் ஏற்றிக்கொண்டு பாதி நாட்டைக் கடந்து போனார் கெல்லி.

காற்றுச் சுரங்கத்தில் சோதனைக்கு மேல் சோதனை. எழுபதுக்கும் மேற்பட்ட முறை முயன்ற பிறகு விடை கிடைத்தது. வாலின் நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒற்றைத் துடுப்புக்குப் பதிலாக, வாலின் இரு முனைகளிலும் ஆளுக்கொன்றாக இரண்டு துடுப்புகள். இன்ஜின் விசிறிகள் தள்ளும் காற்று நேராக அவற்றின் மீது படுவதால் கட்டுப்பாடு கூடியது. இந்த இரட்டை வால் பிறகு லாக்ஹீட் விமானங்களின் அடையாளமாகவே ஆகிப்போனது.

1934-ல் எலெக்ட்ரா பறந்தது. ஏறக்குறைய 150 விமானங்கள் தயாராகின. கம்பெனி பிழைத்தது. இதில் பாதிப் பாராட்டு ஹிப்பார்டுக்குப் போக வேண்டும். உண்மை சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும் என்றால், அதைக் காதுகொடுத்துக் கேட்க இன்னொருவருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், இல்லையா?

மடக்கிய விமானம், மடிந்த விமானி

கெல்லி வரைபட மேசையோடு நின்றுவிடவில்லை. சோதனைப் பறப்புகளில் தானும் ஏறி உட்கார்ந்துவிடுவார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது காக்பிட்டில் உயிர்பயம் வந்தால்தான் வடிவமைப்பவருக்குப் புத்தி நிதானமாக இருக்கும் என்பது அவர் கட்சி.

அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று பி-38 போர் விமானம் காட்டியது. 1939 ஜனவரியில் முதலில் பறந்த இது, அந்தக் காலத்துக்குப் பேய் வேகம். ஆனால் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும்போது ஒரு விபரீதம் நடந்தது. வேகம் ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, இறக்கையின் மேல் ஓடும் காற்று வழிவிடாமல் அமுங்கி அதிர்வலையாக மாறியது. மூக்கு இன்னும் கீழே குத்தியது. விமானி கட்டுப்பாட்டுத் தண்டை எவ்வளவு இழுத்தாலும் அது கல்லுபோல நின்றது.

1941 நவம்பரில் ரால்ஃப் விர்டன் என்ற லாக்ஹீட் சோதனை விமானி, இந்தப் பிரச்சினைக்கான சோதனைப் பறப்பில் உயிரிழந்தார். கடைசியில் இறக்கைக்கு அடியில் சிறு மடிப்புத் தகடுகளைப் பொருத்தி தீர்வு கண்டார்கள். ஆனால் அந்தத் தகடுகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருவதற்குள் 1944 ஆகிவிட்டது. அதுவரை போர்முனை விமானிகள் அந்த ஆபத்தோடுதான் பறந்தார்கள்.

143 நாளில் ஒரு ஜெட்

1943. ஜெர்மனி ஜெட் போர் விமானம் உருவாக்கிக்கொண்டிருக்கும் செய்தி அமெரிக்காவை எட்டியிருந்தது. எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றது அமெரிக்க ராணுவம். 180 நாளில் தருகிறேன் என்று கெல்லி ஒப்புக்கொண்டார். புது ஜெட் விமானத்துக்கு ஆறு மாதம் என்பதைக் கேட்டவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

போர்க்கால உற்பத்தியில் தொழிற்சாலை நிரம்பி வழிந்தது, இடம் கிடைக்கவில்லை. இன்ஜின்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்துச் சுவர் எழுப்பி, வாடகைக்கு எடுத்த சர்க்கஸ் கூடாரத்தைக் கூரையாகப் போட்டார்கள். உள்ளே இருபது சொச்சம் இன்ஜினீயர்கள், நூறு சொச்சம் தொழிலாளர்கள். அவ்வளவுதான் மொத்தப் படை! நாளைக்கு பத்து மணி நேரம், வாரம் ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை வரக்கூடாது என்று கெல்லி கண்டிப்பாக இருந்தார். ஓய்வில்லாமல் வேலை வாங்கினால் ஆட்கள் நோயில் படுத்துவிடுவார்கள், அப்புறம் இருக்கிற வேலையும் கெடும் என்பது அவர் கணக்கு.

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. அங்கிருந்து குடலைப் புரட்டும் நாற்றம் வரும். அந்த நாளில் பத்திரிகையில் வந்த ஒரு படக்கதையில், நாற்றமடிக்கும் சாராயம் காய்ச்சும் இடம் ஒன்று வரும். கெல்லியின் குழுவில் இருந்த இர்வ் கல்வர், ஒருநாள் போனை எடுத்தவுடன் அந்த இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். கேலியாகச் சொன்ன பெயர் கொஞ்சம் உருமாறி 'ஸ்கங்க் ஒர்க்ஸ்' ஆனது. ஸ்கங்க் என்பது துர்நாற்றம் பீய்ச்சும் ஒரு விலங்கு. இன்றைக்கும் லாக்ஹீடின் ரகசியத் திட்டப் பிரிவுக்கு அதுதான் பெயர்.

180 நாள் கெடு, 143 நாளில் முடிந்தது. 1944 ஜனவரி 8 அன்று பி-80 ஜெட் வானில் ஏறியது. ஓட்டியவர் தலைமைச் சோதனை விமானி மைலோ பர்ச்சம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், அதே ரக விமானத்தில் மேலெழும்போது எரிபொருள் பம்பு செயலிழந்து பர்ச்சம் இறந்துபோனார். 1945 ஆகஸ்டில், போரில் அதிக எதிரி விமானங்களை வீழ்த்திய அமெரிக்க விமானி ரிச்சர்ட் பாங், பி-80 ஒன்றில் மேலெழுந்தபோது இதே எரிபொருள் பம்பு சிக்கலில் உயிரிழந்தார். சீக்கிரம் முடித்ததாகச் சொல்லும் ஒவ்வொரு சாதனைக்கும் பின்னால் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது.

அந்தக் கூடாரத்தின் சட்டங்கள்

சரி, இவ்வளவு சின்னக் குழு இவ்வளவு வேகமாக வேலை செய்தது எப்படி? கெல்லி பிற்பாடு இதை 14 விதிகளாக எழுதிவைத்தார். ஆபீஸ் போகும் யாருக்கும் புரியும் சங்கதிதான்:

திட்டத்தின் தலைவருக்கு முழு அதிகாரம் வேண்டும். அவர் கம்பெனியின் உச்சியில் இருப்பவரிடம் நேரடியாகப் பேச முடிய வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையை ஈவிரக்கமில்லாமல் குறைக்க வேண்டும். ரிப்போர்ட்டுகள் குறைவாக இருக்க வேண்டும்; ஆனால் முக்கியமானதை எழுத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். செலவுக் கணக்கை மாதாமாதம் பார்க்க வேண்டும். பட்ஜெட் தாண்டிப் போனதை வாடிக்கையாளரிடம் கடைசி நிமிடத்தில் சொல்லக்கூடாது.

கடைசி விதி இன்னும் சுவாரஸ்யம். ஒருவருக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை வைத்து சம்பளத்தை முடிவு செய்யாதே, அவர் செய்யும் வேலையை வைத்துக் கொடு என்கிறது. பதவி உயர்வு என்றாலே டீம் சைஸ் என்று நினைக்கும் இன்றைய ஆபீஸ்களை யோசிச்சுப் பாருங்க!

இன்னொரு பழக்கமும் அங்கே இருந்தது. வடிவமைக்கும் இன்ஜினீயரின் மேசை, விமானம் கட்டும் தளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு துளை பொருந்தவில்லை என்றால், தொழிலாளி நேராக வரைந்தவரையே கூட்டிவந்து காட்டலாம். நாலு கையெழுத்து வாங்கி, நாலு வாரம் கழித்துப் பேச வேண்டியதில்லை.

கெல்லி முன்கோபி. கத்துவார், மிரட்டுவார். ஆனால் அவர் சொல்வது தப்பு என்று யாராவது நினைத்தால் பந்தயம் கட்டலாம். பந்தயத் தொகை 25 சென்ட், ஒரே ஒரு நாணயம். தோற்றால் எண்ணிக் கொடுத்துவிடுவார்.

வீட்டில்கூட சொல்ல முடியாத வேலை

1954 கடைசியில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, சோவியத் யூனியனுக்கு மேலே 70,000 அடி உயரத்தில் பறந்து படமெடுக்க ஒரு விமானம் கேட்டது. எட்டு மாதத்தில், 1955 ஆகஸ்ட் 1 அன்று யு-2 தரையை விட்டு எழும்பியது. சொல்லப்போனால் அன்று அது பறக்கவே திட்டமில்லை. ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனையில், நீண்ட இறக்கைகள் தாமாகவே அதைத் தூக்கிவிட்டன.

சோதனை நடந்த இடம் நெவாடா பாலைவனத்தில் உள்ள குரூம் லேக். இன்று 'ஏரியா 51' என்று சினிமாவில் பார்க்கிறோமே, அதே இடம். ஊழியர்கள் பர்பேங்கிலிருந்து விமானத்தில் போய் வருவார்கள். எங்கே போகிறேன், என்ன வேலை என்று மனைவியிடம்கூட வாய்திறக்க முடியாது.

1955 நவம்பர் 17 அன்று, அப்படி ஆட்களை ஏற்றிச் சென்ற விமானப்படை விமானம் ஒன்று மோசமான வானிலையில் சார்ல்ஸ்டன் மலையில் மோதியது. 14 பேர் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் லாக்ஹீட் ஊழியர்களும் உண்டு. அவர்கள் எந்த வேலைக்காகப் போனார்கள் என்ற உண்மை குடும்பங்களுக்குத் தெரியவர பல பத்தாண்டுகள் ஆயின. கெட்ட செய்தியை மறைக்காதே என்பது கூடாரத்துக்குள்ளே சட்டமாக இருந்தது. கூடாரத்துக்கு வெளியே இருந்த மனைவி மக்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. ரகசியத் தொழிலின் கூலியில் இதுவும் ஒரு பங்கு.

பிளாக்பேர்ட்: எதுவுமே சுலபமில்லை

அடுத்தது ஏ-12, அதன் வழிவந்த எஸ்ஆர்-71. மணிக்கு 3,500 கிலோமீட்டரைத் தொடும் வேகம். காற்று உராய்ந்தே விமானத்தின் தோல் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். அலுமினியம் தாங்காது, டைட்டானியம்தான் வழி. அமெரிக்காவிடம் போதுமான டைட்டானியம் இல்லை. யாரிடம் இருந்தது தெரியுமா? சோவியத் யூனியனிடம்! இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக அங்கிருந்தே வாங்கி, அவர்களையே உளவு பார்க்கும் விமானத்தைக் கட்டினார்கள்.

டைட்டானியத்தோடு மல்லுக்கட்டியது தொழிலாளர்கள்தான். துளை போடும் பிட்டுகள் சட்டென்று மழுங்கின. சூடேறியதும் போல்ட்டுகளின் தலை கழன்று விழுந்தது. ஏன் என்று குடைந்து பார்த்தால், ஸ்பேனர்களில் பூசியிருந்த காட்மியம் முலாம் பட்ட இடத்தில் உலோகம் நொறுங்கியிருந்தது. எல்லோருடைய கருவிப் பெட்டியையும் சோதித்து அந்தக் கருவிகளைத் தூக்கிப்போட்டார்கள்.

இன்னொரு மர்மமும் இருந்தது. வெயில்காலத்தில் வெல்டிங் செய்த பாகங்கள் சீக்கிரம் பழுதாயின. குளிர்காலத்தில் செய்தவை நன்றாக இருந்தன. ஒவ்வொரு பாகமும் எப்போது, எப்படிச் செய்யப்பட்டது என்று எழுதிவைத்திருந்ததால்தான் இந்த வித்தியாசமே கண்ணில் பட்டது. காரணம் கடைசியில் குழாய்த் தண்ணீர்! கோடையில் பாசி பிடிக்காமல் இருக்க பர்பேங்க் நகராட்சி தண்ணீரில் குளோரின் கலந்தது. அந்தத் தண்ணீரில் கழுவிய டைட்டானியம் கெட்டுப்போனது. வாலைவடிநீருக்கு மாறினார்கள், பிரச்சினை தீர்ந்தது.

1962 ஏப்ரலில் ஏ-12 பறந்தது. 1964 டிசம்பர் 22-ல் எஸ்ஆர்-71. பத்தாண்டு கழித்து, 1974 செப்டம்பர் 1 அன்று, ஓர் எஸ்ஆர்-71 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 1 மணி 55 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

நிறுத்துங்கள் என்று சொன்ன நேரங்கள்

கெல்லி கட்டிய விமானங்களைப் போலவே, கட்டாமல் விட்டதும் பேசப்பட வேண்டும். 1950-களில் திரவ ஹைட்ரஜனில் பறக்கும் உளவு விமானத்துக்கு அமெரிக்க விமானப்படை பெரும் பணம் ஒதுக்கியது. வேலையைத் தொடங்கிய பிறகு கெல்லிக்குப் புரிந்தது: இது போதிய தூரம் பறக்காது. கான்ட்ராக்ட் கையில் இருக்கிறது, பணம் வந்துகொண்டிருக்கிறது. அவர் என்ன செய்தார்? இதைக் கைவிடுங்கள் என்று வாடிக்கையாளரிடமே போய்ச் சொன்னார்.

இரண்டாவது முறை வலியோடு வந்தது. ஏ-12 வகை விமானத்தின் முதுகில் டி-21 என்ற ஆளில்லா உளவு விமானத்தைச் சுமந்துபோய், பேய் வேகத்தில் ஏவும் திட்டம் அது. 1966 ஜூலை 30 அன்று, ஏவப்பட்ட டி-21 திரும்பித் தாய் விமானத்தின் மீதே மோதியது. இருவர் வெளியே குதித்துக் கடலில் விழுந்தார்கள். விமானி பிழைத்தார். ஏவும் கருவியை இயக்கிய லாக்ஹீட் இன்ஜினீயர் மூழ்கி இறந்தார். அந்த முறையில் ஏவும் திட்டத்தை கெல்லியே நிறுத்தினார். வேறு பாதுகாப்பான வழியில், பி-52 விமானத்தின் இறக்கையிலிருந்து ஏவும்படி டி-21 மாற்றப்பட்டது.

கடைசிப் பந்தயம்

1975-ல் கெல்லி ஓய்வுபெற்றார். நாற்காலிக்கு வந்தவர் அவரிடமே பல ஆண்டு வேலை கற்ற பென் ரிச். ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக கெல்லி வந்துபோய்க்கொண்டிருந்தார்.

ரிச்சின் குழு ரேடார் கண்ணில் படாத விமானம் ஒன்றை வரைந்திருந்தது. வளைவே இல்லாமல், வைரத்தைப் பட்டை தீட்டியதுபோல முழுக்கத் தட்டையான பரப்புகள். வாழ்நாள் எல்லாம் காற்றுக்கு இசைவாக வளைவுகளைச் செதுக்கிய கெல்லிக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. தன்னுடைய பழைய டி-21 இதைவிடக் குறைவாகத்தான் ரேடாரில் தெரியும் என்று அடித்துச் சொன்னார். ரிச் விடவில்லை. வழக்கம்போல 25 சென்ட் பந்தயம்.

1975 செப்டம்பரில் இரண்டு மாதிரிகளையும் ரேடார் முன்னால் வைத்துச் சோதித்தார்கள். டி-21 பக்கத்தில்கூட வரவில்லை. கெல்லி நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். ஆனால் அந்த விசித்திர வடிவம் உண்மையிலேயே பறப்பதைப் பார்க்கும்வரை அதைச் செலவழிக்க வேண்டாம் என்று ரிச்சிடம் சொல்லிவைத்தார்.

1977 டிசம்பர் 1 அன்று காலையில் அது பறந்தது. பின்னாளில் எஃப்-117 என்று பெயர் பெற்ற ரேடாருக்குத் தப்பும் விமானத்தின் முன்னோடி அது. ஓடுபாதை ஓரத்தில் கெல்லியும் நின்றிருந்தார். விமானம் மேலே ஏறியதும், திரும்பி ரிச்சின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

1990 டிசம்பர் 21 அன்று, 80-வது வயதில் கெல்லி ஜான்சன் காலமானார். மாதம் 83 டாலர் சம்பளக்காரராக, பெரியவர்கள் சரி என்ற விமானத்தைச் சரியில்லை என்று சொல்லி வேலையைத் தொடங்கியவர் அவர். தன்னிடம் வேலை கற்ற ஒருவர் தன்னையே தப்பு என்று நிரூபித்தபோது, சட்டைப்பையில் கைவிட்டு 25 சென்ட்டை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.